அக்னி நட்சத்திரத்தில் ஏரி காத்த ராமரைத் தேடி

சென்னையிலிருந்து கிளம்பி ஒரே நாளில் திரும்ப வேண்டும், உடன் வருவது அம்மாவும் அத்தையும், மாதமோ அக்னி நட்சத்திரம் கொளுத்தும் மே. இப்படிப்பட்ட பயணத்துக்கு வாடகைக் கார்தான் சரி. பஸ் மாறி மாறிப் போனால் ஒரு கோயிலிலேயே பொழுது போய்விடும். பன்னிரண்டு மணி வாக்கில் நடை சாத்தினால் சாயங்காலம் நாலுக்குத்தான் திறப்பார்கள். அதனால் விடியுமுன்பே புறப்பட்டோம். டிரைவருக்கு எங்கள் ஊர்ப்பக்கம் எல்லாம் அத்துப்படி. "மொதல்ல கழுக்குன்றம் போயிடலாம்மா, வெயில் ஏறிட்டா படியில கால் வைக்க முடியாது" என்று அம்மாவிடம் சொன்னார்.

செங்கல்பட்டிலிருந்து கிழக்கே திரும்பினால் சீக்கிரமே திருக்கழுக்குன்றம். வேதங்களே மலையாக நிற்கும் தலம் என்பது ஐதீகம். மேலே வேதகிரீஸ்வரர், அடிவாரத்தில் தாழக்கோயிலில் பக்தவத்சலேஸ்வரரும் திரிபுரசுந்தரி அம்மனும். அப்பர், சம்பந்தர், சுந்தரர் என்று தேவார மூவரும் பாடிய தலம் இது. மாணிக்கவாசகரும் ஒரு பதிகம் பாடியிருக்கிறார். 500க்கும் மேற்பட்ட படிகள். முட்டிவலியால் அம்மா தாழக்கோயிலிலேயே இருந்துகொள்ள, அத்தையும் நானும் ஏறினோம். அத்தை ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு, "நமசிவாய" என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்த படியில் கால் வைத்தார். முன்பெல்லாம் உச்சி வேளையில் இரண்டு கழுகுகள் வந்து பிரசாதம் சாப்பிட்டுப் போகுமாம். அத்தை சின்ன வயதில் அதைப் பார்த்திருக்கிறார். இப்போது அவை வருவதில்லை. சந்நிதியில் தீபாராதனை காட்டியபோது அத்தையின் கண்கள் நிறைந்துவிட்டன. நான் பேசாமல் நின்றேன்.

இறங்கி வந்ததும் சங்கு தீர்த்தத்துக்குப் போனோம். சிவனுக்கு அபிஷேகம் செய்யப் பாத்திரமில்லாமல் மார்க்கண்டேயர் நின்றபோது இந்தக் குளத்தில் ஒரு சங்கு தோன்றியதாம். இன்றும் 12 ஆண்டுக்கு ஒரு முறை சங்கு கரையேறுகிறது என்கிறார்கள். கடல் சங்கு நல்ல தண்ணீர்க் குளத்தில் எப்படிப் பிறக்கும் என்று கேட்பவர்கள் கேட்கட்டும். அம்மா குளத்து நீரைத் தலையில் தெளித்துக்கொண்டு எனக்கும் தெளித்தாள். அந்த வெயிலில் அது சில்லென்றிருந்தது.

மறுபடியும் செங்கல்பட்டு, அங்கிருந்து தெற்கே போகும் ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலை. பாலாற்றுப் பாலத்தில் போகும்போது கீழே மணல்தான். அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "மழை வரணும்டா" என்றாள். அடுத்து நாங்கள் போகவிருந்தது மழையும் ஏரியும் சம்பந்தப்பட்ட கோயிலுக்குத்தான்.

மதுராந்தகம் ஏரி காத்த ராமர் கதையை அத்தை எத்தனை முறை சொன்னாலும் கேட்கலாம். கம்பெனி ஆட்சிக் காலம், 1798. கலெக்டர் லியோனல் பிளேஸ். வருஷா வருஷம் மழையில் ஏரிக்கரை உடைந்து ஊர் தவித்துக்கொண்டிருந்தது. கரையைப் பலப்படுத்த வந்தவரிடம் ஊரார் தாயார் சந்நிதியைக் கட்டித் தரச் சொல்ல, "இந்த வருஷம் உங்கள் சாமி கரையைக் காப்பாற்றட்டும், நான் கட்டித் தருகிறேன்" என்றாராம் அவர். அந்த வருஷமும் அடைமழை. ராத்திரியில் கரை என்ன ஆகுமோ என்று பார்க்கப் போனவருக்கு, வில்லும் அம்புமாக இரண்டு பேர், ராமரும் லட்சுமணரும், கரையைக் காத்து நிற்பது தெரிந்ததாம். கரை உடையவில்லை. சொன்னபடி அவர் கட்டிக் கொடுத்ததுதான் ஜனகவல்லித் தாயார் சந்நிதி. இந்தத் தர்மம் அவருடையது என்று சொல்லும் கல்வெட்டு இன்றும் அங்கே இருக்கிறது.

நடை சாத்தக் கொஞ்ச நேரமே இருந்தது, கூட்டமில்லை. மூலவர் ராமர் சீதையின் கையைப் பிடித்தபடி நிற்கிறார், பக்கத்தில் லட்சுமணர். விபண்டக மகரிஷிக்கு இப்படிக் காட்சி கொடுத்தாராம். எத்தனையோ ராமர் கோயில் பார்த்திருந்தாலும் அந்தக் கைகளை விட்டு என் கண் நகரவில்லை. ராமானுஜருக்கு அவர் குரு பெரிய நம்பிகள் பஞ்ச சம்ஸ்காரம் என்கிற வைஷ்ணவ தீட்சை செய்து வைத்ததும் இங்கேதான், மகிழ மரத்தடியில். வைஷ்ணவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

வெளியே வந்து ஏரிக்கரையில் ஏறினோம். எட்டிய மட்டும் காய்ந்த தரை, நடுவில் கொஞ்சம் தண்ணீர். நிறைந்த ஏரியைப் பார்த்திருந்தால் ராமர் எதைக் காத்தார் என்று இவ்வளவு தெளிவாகப் புரிந்திருக்காது என்று தோன்றியது. அத்தனை பெரிய ஏரிக்கு ஒரே ஒரு கரை. அது உடைந்தால் ஊர் போச்சு.

சாப்பிட்டு, ஒரு மர நிழலில் காரை நிறுத்தி இளைப்பாறிவிட்டு உத்திரமேரூர் போனோம். சுந்தரவரதர் கோயிலில் பெருமாள் மூன்று நிலைகளில் நின்றும் இருந்தும் கிடந்தும் சேவை சாதிக்கிறார். மேல்நிலைக்கு அம்மாவைக் கைத்தாங்கலாக அழைத்துப் போனோம். கழுக்குன்றத்தில் ஏற முடியாத குறை அவளுக்கு இங்கே தீர்ந்தது. அப்புறம் வைகுண்டப் பெருமாள் கோயில். ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு எடுத்து ஊர்ச் சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குடவோலைத் தேர்தலின் விதிகளைச் சொல்லும் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919லும் 921லும் வெட்டியவை, இந்தச் சுவர்களில் இருக்கின்றன. வயது 35 முதல் 70க்குள், சொந்த மனையில் வீடு என்றெல்லாம் தகுதிகள். ஏரியைப் பார்த்துக்கொள்ளத் தனியாக ஏரி வாரியம் என்று ஒரு குழு, அதற்கு 6 பேர். ஏரிக்கு ஆள் நியமிக்கும் விதியைக் கோயில் சுவரில் வெட்டி வைத்திருக்கிறார்கள். மதுராந்தகத்தில் பார்த்ததும் இதுவும் ஒரே பக்திதான் என்று அத்தையிடம் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, "ஐப்பசில மழை பிடிச்சதும் மதுராந்தகத்துக்கு மட்டும் இன்னொரு தடவை கூட்டிட்டுப் போடா, ஏரி ரொம்பினப்புறம் ராமரைச் சேவிக்கணும்" என்றார். டிரைவரின் நம்பரை அப்போதே வாங்கி வைத்துக்கொண்டேன்.