தொண்டை, கழுத்து, கத்திரி வெயில்

ஏப்ரல் 27
மறுபடி டான்சில். எச்சில் விழுங்கினால் வலி காது வரை போகிறது. காதில் ஒன்றுமில்லை என்றார் டாக்டர், டான்சிலுக்கும் காதுக்கும் ஒரே நரம்பின் கிளைகள் போகின்றனவாம். சரி, அப்போ கழுத்து?

ஏப்ரல் 28
கழுத்து இடப்பக்கம் திரும்பவில்லை. காட்பாடி வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு போனேன். பக்கத்து சீட்டு அம்மா என்னைத் திமிர் பிடித்தவள் என்று நினைத்திருப்பார். ஆபீசில் எல்லோரும் தலையணையை மாற்றச் சொல்கிறார்கள்.

ஏப்ரல் 29, இரவு
ஜுரம் 102. ஜுரமும் கழுத்துப் பிடிப்பும் சேர்ந்தால் போன் மூளைக்காய்ச்சல் என்கிறது. அத்தை ஒரு காலத்தில் ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தவர். "தாடை நெஞ்சைத் தொடுதா பாரும்மா" என்றார். தொட்டது. வாந்தியில்லை, வெளிச்சம் கூசவில்லை. "அப்ப விடிஞ்சதும் போலாம்" என்று படுத்துவிட்டார். அவருக்குத் தூக்கம் வந்தது.

ஏப்ரல் 30
இது வேறு டாக்டர். தாடைக்குக் கீழே விரலால் அழுத்திப் பார்த்து, "நெறி கட்டியிருக்கு, அதைச் சுத்தி தசை இறுகிப்போச்சு" என்றார். இத்தனை நாள் தலையணையைத் திட்டிக்கொண்டிருந்தோம்! சுளுக்கு எடுக்கப் போகலாமா என்றதற்கு முறைத்தார். வெந்நீர் ஒத்தடம், வலிக்கு பாராசிட்டமால், வலிக்காத அளவுக்கு மெல்லத் திருப்பிப் பழக வேண்டும், அவ்வளவுதான். அமாக்சிசிலின் 10 நாள். ஜுரம் விட்டதும் நிறுத்தக் கூடாது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியாக இருந்தால், அரைகுறையாக விட்டால் பின்னால் இதய வால்வு வரை போகலாமாம். இதற்கு முன் மருந்துக்கடையில் ஒவ்வொரு தடவையும் மூன்று நாளுக்குத்தான் கொடுத்தார்கள். வாய் திறக்க முடியாமல் போனாலோ, எச்சில் வழிந்தாலோ ராத்திரி என்று பார்க்காமல் வரச் சொன்னார். சீழ் கட்டியிருக்கலாம்.

டான்சிலை எடுக்கும் ஆபரேஷனுக்கு ஒரு கணக்கு உண்டாம்: இப்படித் தொண்டை வலி ஒரே வருடத்தில் 7 தடவை, அல்லது தொடர்ந்து 2 வருடம் ஐந்தைந்து, அல்லது 3 வருடம் மும்மூன்று. வாயால் சொன்னால் போதாது, ஒவ்வொரு தடவைக்கும் டாக்டர் எழுதிய சீட்டு வேண்டும்.

மே 1
உப்புத் தண்ணீர். உப்புத் தண்ணீர். உப்புத் தண்ணீர்.

மே 2
சீட்டுகளைக் காணோம். பீரோ, பிஸ்கட் டின், இவருடைய வண்டி டிக்கி. பாதியை அத்தை மளிகைக் கணக்கு எழுதப் பயன்படுத்தியிருக்கிறார். ஒன்றின் பின்னால் "உளுந்து 1 கிலோ".

மே 4
கத்திரி ஆரம்பம். பாலாறு பக்கமிருந்து அடிக்கும் காற்றே அனல். பக்கத்து வீட்டில் இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் காரக்குழம்பு. வாசனை சுவரேறி வருகிறது. எனக்குக் குழைந்த மோர் சாதம். அழுகை வந்தது, இதற்குப் போய்.

மே 5
ஆபரேஷன் முடிந்தால் ஐஸ்கிரீம்தான் என்கிறான் சின்னவன். இரண்டு வாரம் வலிக்கும், ஒரு வாரம் கழித்துக்கூட ரத்தம் வரலாம் என்பதை அவனிடம் சொல்லவில்லை. இவரிடமும்.

மே 6
காலையில் வண்டி ஹாரன் கேட்டு இடப்பக்கம் திரும்பிப் பார்த்தேன். திரும்பிவிட்டது! சாயங்காலம் மறுபடி கொஞ்சம் பிடிப்பு. இருந்தாலும்.

மே 7
மெத்தைக்கு அடியில் இன்னும் சில சீட்டுகள். தேதி வாரியாக அடுக்கினேன். ஒன்றில் தேதியே இல்லை, கையெழுத்து மட்டும். அது கணக்கில் வருமா? நாளைக்குக் கேட்க வேண்டும்.