அந்தக் காத்தாடி மட்டும் ஏன் நிற்கிறது?

கன்னியாகுமரி மாவட்டத்தில் காற்றாலைகள் நிறைந்த ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் பஸ்ஸில் போகிறவர்கள் தவறாமல் கேட்பது இது. காற்று ஆளையே தள்ளுகிறது, வரிசையில் ஒன்று மட்டும் அசையாமல் நிற்கிறது. "ரிப்பேர்" என்று சொல்லிவிடுவார்கள். பாதி நேரம் அது சரியான பதிலில்லை.

முதலில் கணக்கு. காற்றின் வேகம் இரு மடங்கானால் அதிலுள்ள சக்தி எட்டு மடங்காகும். 27 மீட்டர் விட்டத்தில் சுற்றும் பழைய 225 கிலோவாட் மெஷினை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இறக்கைகள் துழாவும் பரப்பு சுமார் 570 சதுர மீட்டர். நொடிக்கு 4 மீட்டர் காற்றில் அங்கே இருப்பதே 21 கிலோவாட்தான். 8 மீட்டரில் 168. 12 மீட்டரில் 568. எந்த மெஷினும் இதில் 59.3 சதவீதத்துக்கு மேல் எடுக்க முடியாது. 40 கிடைத்தாலே பெரிது. மே முதல் செப்டம்பர் வரை ஓடுகிற சீசனில்தான் வருட உற்பத்தியின் பெரும்பகுதி வருவது இதனால்தான். மாசி, பங்குனியில் காத்தாடி சும்மா நின்றால் குறை சொல்ல ஒன்றுமில்லை.

சீசனில் நிற்பதுதான் விஷயம். பழைய மெஷின்களில் இருப்பது இண்டக்ஷன் ஜெனரேட்டர். காந்தப்புலம் உண்டாக்க அதற்கு கிரிட்டிலிருந்து, அதாவது மின்கட்டமைப்பிலிருந்து, ரியாக்டிவ் பவர் (காந்தப்புலத்தைத் தாங்க மட்டும் போய்வரும் மின்சக்தி) வேண்டும், லைன் இல்லாமல் ஓட முடியாது. லைன் டிரிப் ஆகி இணைப்பு துண்டித்த நொடியில் இறக்கைகளைப் பிடித்து வைத்திருந்த சுமை போய்விடும், ரோட்டார் (சுற்றும் இறக்கைத் தொகுதி) வேகமெடுக்கும். பல பழைய மெஷின்களில் உடனே இறக்கை நுனிகள் 90 டிகிரி திரும்பும், டிஸ்க் பிரேக் கடிக்கும். இறக்கை அடியோடு முழுதாகத் திரும்புகிற மெஷின்கள் இதை மென்மையாகச் செய்யும். நுனி மட்டும் திரும்புகிறதில் அந்த அதிர்ச்சி முழுக்க கியர் பாக்ஸின் பல்லில் விழும். ஒரே நாளில் நாலைந்து டிரிப் என்றால் பேரிங், ஆயில் சீல் எல்லாம் சீக்கிரம் போகும். டவரின் மேல்பகுதியில் கறுப்பாக வழிந்த தடம் தெரிந்தால் பெரும்பாலும் கசிந்த எண்ணெய்தான்.

மெஷினில் கோளாறே இல்லாமலும் நிறுத்துவார்கள். ஆடி மாத நள்ளிரவில் காற்று பலமாக இருக்கும், மின் தேவை குறைவு, அனல் மின் நிலையங்களை ஓரளவுக்கு மேல் குறைக்க முடியாது. அப்போது காற்றாலைக்கு "பேக் டவுன்", அதாவது உற்பத்தியைக் குறை என்ற உத்தரவு வரும். எரிபொருள் செலவில்லாத, தண்ணீர் கேட்காத மின்சாரத்தைத்தான் இப்படி வீணடிக்கிறோம். என்னைக் கேட்டால், இரைச்சலையும் பறவைகள் அடிபடுவதையும்விட பெரிய குறை இதுதான்.

இன்னொரு சங்கடம் இடம். தமிழகத்தின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது, ஆனால் கணவாய்களின் நல்ல இடங்களை முதலில் பிடித்தவை உயரம் குறைந்த சின்ன மெஷின்கள். 100 மீட்டருக்கு மேல் உயரமுள்ள 2, 3 மெகாவாட் மெஷினை அங்கே வைத்தால் பல மடங்கு யூனிட் கிடைக்கும். ஆனால் ஒன்று இன்னொன்றின் காற்றைக் கெடுக்காமலிருக்க இறக்கை சுற்றும் விட்டத்தைப்போல் 5 முதல் 7 மடங்கு இடைவெளி தேவை. 120 மீட்டர் ரோட்டாருக்கு அது 600 மீட்டருக்குக் குறையாது. அந்த 600 மீட்டருக்குள் இன்று நாலைந்து பழைய காத்தாடிகள் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் தனி முதலாளி, தனி பட்டா, தனி மீட்டர். 2024-இல் மாநில அரசு பழைய காத்தாடிகளை எடுத்துவிட்டுப் புதியவை வைப்பதற்கான மறுசீரமைப்புக் கொள்கை கொண்டுவந்தது. புது மெஷினில் யாருக்கு எத்தனை பங்கு என்பதை அந்த முதலாளிகள்தான் உட்கார்ந்து பேசி முடிக்க வேண்டும்.