தம் நோயைச் சொல்லாத பயிற்சி மருத்துவர்

மனச்சோர்வின் அறிகுறிகளைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்து, வெளிநோயாளிப் பிரிவில் வருகிறவர்களிடம் அவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டறிந்து, மருந்தும் எழுதிக்கொடுக்கும் ஒரு பயிற்சி மருத்துவர், அதே அறிகுறிகள் தமக்கு வரும்போது மட்டும் அவற்றைக் களைப்பு என்று சொல்லி நாள்களைக் கடத்துகிறார். என்னுடன் பயிற்சி பெற்றவர்களிடம் இதைப் பலமுறை கண்டிருக்கிறேன். இதை அறியாமை என்றும் பிடிவாதம் என்றும் கூறுவோர் உண்டு. நான் அதை ஏற்பதில்லை. வெளியே சொன்னால் என்ன நடக்கும் என்பதை அவர்கள் சரியாகவே கணித்திருக்கிறார்கள் என்பதுதான் என் எண்ணம்.

எத்தனை பேர் இப்படி இருக்கிறார்கள் என்பது மருத்துவ உலகுக்குத் தெரியாத செய்தியும் அன்று. 54 ஆய்வுகளில் இடம்பெற்ற 17,560 பயிற்சி மருத்துவர்களின் தரவுகளைத் தொகுத்து 2015-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஜாமா இதழில் வெளிவந்த கட்டுரை, அவர்களில் ஏறத்தாழ 29 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வோ அதன் அறிகுறிகளோ இருப்பதாகக் கூறியது. என்னை அதைவிட அதிகம் உலுக்கியது 2010-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு. பயிற்சியில் சேருமுன் 3.9 விழுக்காட்டினரிடம் இருந்த மனச்சோர்வு, பயிற்சி ஆண்டில் 25.7 விழுக்காடாக உயர்ந்தது. மனவலிமை குறைந்தவர்கள் இந்தப் படிப்புக்கு வந்துவிடுகிறார்கள் என்று பேசுவோர் இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்; உள்ளே வந்தபோது நலமாக இருந்தவர்களே ஓர் ஆண்டுக்குள் நோயுற்றிருக்கிறார்கள்.

அவர்கள் யாரிடம் போவது? அதே மருத்துவமனையின் மனநல மருத்துவர் நாளை அவர்களோடு ஒரே வார்டில் நிற்பவர், சில வேளை அவர்களுக்கு மதிப்பெண் இடுபவர். நோயாளிப் பதிவேட்டை உடன் பணியாற்றுகிற யார் வேண்டுமானாலும் திறந்து பார்த்துவிடக்கூடும் என்ற அச்சம் வேறு. விடுப்பு எடுத்தால், அந்த நைட் டூட்டி ஏற்கெனவே உறக்கமின்றித் தவிக்கும் இன்னொருவர் தலையில் விழும். அவருடைய கோபத்தில் நியாயம் இருப்பதால் அதைத் தாங்குவது இன்னும் கடினம். "நாங்கள் இதைவிட அதிகம் பார்த்தவர்கள்" என்று மூத்தவர்கள் சொல்லும் ஒரு வாக்கியம், சொல்ல வாயெடுத்தவரையும் அடக்கிவிடுகிறது.

மருத்துவராகத் தொழில் செய்வதற்கான உரிமம் பற்றிய அச்சமும் இதனோடு சேர்ந்துகொள்கிறது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் உரிம விண்ணப்பங்கள், ஒருவர் எப்போதாவது மனநலச் சிகிச்சை பெற்றதுண்டா என்று கேட்டுவந்தன. நியூயார்க்கில் அவசரச் சிகிச்சைப் பிரிவில் பணியாற்றிய, பயிற்சிக் காலத்தையெல்லாம் கடந்த மருத்துவரான லோர்னா பிரீன் 2020 ஏப்ரலில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். உதவி நாடினால் உரிமம் போய்விடும் என்று அவர் அஞ்சியதாக அவருடைய குடும்பத்தினர் தெரிவித்தனர். மருத்துவப் பணியாளர்களின் மனநலம் காக்க அவர் பெயரால் 2022-இல் ஒரு கூட்டாட்சிச் சட்டம் நிறைவேறியது. உரிம விண்ணப்பத்தின் அந்தக் கேள்வியைப் பல மாநிலங்கள் திருத்தியும் வருகின்றன. இப்போது பணியாற்ற இயலாத நிலையில் இருக்கிறீர்களா என்று கேட்பதில் நியாயம் உண்டு. என்றோ சிகிச்சை பெற்றதைத் தோண்டிக் கேட்பது, சிகிச்சை பெறாதவருக்குப் பரிசும் பெற்றவருக்குத் தண்டனையும் தருவதாகும்.

மருத்துவர்களுக்காக உலக மருத்துவச் சங்கம் 1948-இல் ஏற்ற ஜெனீவா உறுதிமொழியில், மருத்துவர் தம் உடல்நலத்தையும் பேண வேண்டும் என்ற வரி 2017-இல்தான் சேர்ந்தது. வரி சேர்ந்துவிட்டது, பணி அட்டவணை அதற்கேற்ப மாறவில்லை. முப்பது மணி நேரம் உறங்காத ஒருவரை அமரவைத்து மனஅழுத்தம் குறைப்பது பற்றி விரிவுரை நடத்துவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

நான் கேட்பவை எளியவை. சிகிச்சை, பயிற்சி நிறுவனத்துக்கு வெளியே, அதன் பதிவேட்டில் ஏறாத வகையில் கிடைக்க வேண்டும். விடுப்பில் செல்பவரின் பணிக்கு மாற்று ஆளை நிர்வாகமே ஏற்பாடு செய்ய வேண்டும். எங்கள் பேராசிரியர் ஒருவர், தாம் பயிற்சியில் இருந்த காலத்தில் மனச்சோர்வுக்கு மருந்து உட்கொண்டதை வகுப்பில் எல்லார் முன்னும் இயல்பாகச் சொன்னார். அதன் பிறகே என் நண்பர்கள் சிலர் மனநல மருத்துவரிடம் சென்றார்கள், நானும் சென்றேன்.