27 அட்டை, 22 நூல்: ஸ்பெயின் ஹாப்ஸ்பர்க் வம்சத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிப் பார்த்தது

ஹாப்ஸ்பர்க் வம்சத்தை 1273-ல் ரூடால்ஃப் ஜெர்மானிய அரசராகத் தேர்வானதிலிருந்து ஆரம்பித்தால், பிள்ளைகள் பாதி வழியிலேயே பெயர்களுக்குள் தொலைந்துபோவார்கள். கடைசி ஆளிலிருந்து மேலே ஏறுவதுதான் சரிப்பட்டது. ஸ்பெயினின் இரண்டாம் சார்லஸ் 1661-ல் பிறந்தார். நாலு வயது நிறைவதற்குள் அரசரானார். 1700-ல் பிள்ளையில்லாமல் இறந்தார். அவருடைய அப்பா அம்மா யார், அவர்களுடைய அப்பா அம்மா யார் என்று கேட்டுக்கொண்டே போக வேண்டியதுதான்.

முதலில் வழக்கமான கட்டம்: 2, 4, 8, 16 என்று நாலு தலைமுறைக்கு 30 கட்டங்கள். ஆனால் ஆட்கள் 22 பேர்தான். மூன்றாம் பிலிப்பும் மனைவி மார்கரெட்டும் தாத்தா பாட்டி வரிசையிலும் இருக்கிறார்கள், அதற்கு மேல் வரிசையிலும் இருக்கிறார்கள். ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரிலிருந்து ஆண்ட இன்னொரு சார்லஸ் மூன்று கட்டங்களில் வருகிறார். ஒரே பெயரை மூன்று முறை எழுதினால் மூன்று பேர் என்றே பிள்ளைகள் எண்ணுகிறார்கள். அதனால் கட்டம் கைவிடப்பட்டது. ஒரு ஆளுக்கு ஒரே அட்டை, பெற்றோர்–பிள்ளை உறவுக்கு ஒரு நூல்.

வரிசையாக அடுக்கவும் முடியாது, ஏனென்றால் ஒரே ஆள் இரண்டு தலைமுறையில் நிற்கிறார். பிறந்த ஆண்டை வைத்து உயரம் கொடுத்தால் இந்தச் சிக்கல் தீர்கிறது. 56 × 71 செ.மீ. சார்ட் பேப்பரை நெட்டாக வைத்து, மேலே 2 செ.மீ. விட்டு, 1478-லிருந்து (எல்லோருக்கும் மேலே நிற்கும் மூதாதை அழகன் பிலிப் பிறந்த ஆண்டு) பத்து ஆண்டுக்கு 3.5 செ.மீ. வீதம் இறங்கினால், 1661 சுமார் 64 செ.மீ. கீழே வரும். அட்டை 5 செ.மீ. அகலம், 3 செ.மீ. உயரம், அதன் மேல் விளிம்பு பிறந்த ஆண்டுக் கோட்டில் உட்கார வேண்டும். நெரிசலான இடம் 1527–28: இரண்டாம் பிலிப், இரண்டாம் மாக்ஸிமிலியன், மரியா, பவேரியாவின் ஆல்பர்ட், ஆன்னா ஆகிய ஐந்து பேரும் ஏறக்குறைய ஒரே கோட்டில். அந்த வரியை முதலில் ஒட்டிவிட்டு மற்றதை ஒதுக்கினால் இடம் போதும்.

பெயர்கள் இன்னொரு தொல்லை. நாலு பிலிப், மூன்று சார்லஸ், மூன்று பெர்டினாண்ட், மூன்று ஆன்னா, மூன்று மரியா ஆன்னா. ‘மரியா ஆன்னா 1551’, ‘மரியா ஆன்னா 1574’, ‘மரியா ஆன்னா 1606’ என்று பிறந்த ஆண்டையும் பெயரோடு சேர்த்தே சொல்லப் பழக்க வேண்டும். அழகன் பிலிப்பின் மகன் ஐந்தாம் சார்லஸுக்குப் பிறகு எப்படி இரண்டாம் சார்லஸ் என்று யாராவது ஒரு பிள்ளை கேட்காமல் இருக்காது. முந்தைய சார்லஸ் பேரரசர் பட்டத்தில் ஐந்தாமவர், ஸ்பெயின் அரியணையில் முதலாமவர். அதை அட்டையிலேயே எழுதிவிடலாம். மூன்றாம் பிலிப் அட்டையின் பின்பக்கம் ஒரு குறிப்பு: 1580 முதல் 1640 வரை போர்ச்சுகலும் இவர்கள் கையில்தான். 1619-ல் போர்த்துக்கீசர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தபோது அவர்களுடைய அரசர் இவரே.

சார்ட்டுக்கு அடியில் அரை அங்குலத் தெர்மாகோல். ரப்பர் வகைப் பசை தெர்மாகோலைக் கரைத்துவிடும், வெள்ளைப் பசைதான் ஆகும். கணவன் மனைவிக்கு நடுவில் ஒரு ஊசி, மொத்தம் 12; அதிலிருந்து பிள்ளையின் அட்டைக்கு நூல். உல்லன் நூல் இழுபட்டுத் தொய்கிறது, எம்பிராய்டரி நூல் நிற்கிறது. அழகன் பிலிப்–ஹுவானா ஊசியும் முதலாம் பெர்டினாண்ட் ஊசியும் மூன்று மூன்று நூலைத் தாங்குவதால் அவைதான் முதலில் ஆடும். இழுப்புக்கு எதிர்ப்பக்கம் சாய்த்துக் குத்தி, அடியில் ஒரு சொட்டுப் பசை விட்டால் போதும்.

நூல் கட்டி முடிந்ததும் கணக்கு. அழகன் பிலிப்–ஹுவானா தம்பதியின் பிள்ளைகள் ஒவ்வொருவர் அட்டையிலும் பென்சிலால் 1. பிறகு ஒவ்வொருவருக்கும் அப்பாவின் எண்ணையும் அம்மாவின் எண்ணையும் கூட்டிப் போடுவது. வெளியிலிருந்து வந்தவருக்கு 0. மூன்றாம் பிலிப்புக்கு 3, மார்கரெட்டுக்கு 2, அவர்கள் மகன் நான்காம் பிலிப்புக்கு (இரண்டாம் சார்லஸின் அப்பா) 5. முதலில் வைத்த 25 அட்டையில் (அந்த 22 பேர், சார்லஸ், அழகன் பிலிப், ஹுவானா) இரண்டாம் சார்லஸுக்கு 13 வந்தது. உண்மையில் வர வேண்டியது 14. விடுபட்ட வழி, மரியா ஆன்னா 1574-ன் அம்மாவான லொரேன் நாட்டு ரெனாட்டா வழி: ஹுவானாவின் மகள் இசபெல்லா, அவர் மகள் டென்மார்க்கின் கிறிஸ்டினா, அவர் மகள் ரெனாட்டா. இசபெல்லா 1501, கிறிஸ்டினா 1521 என்று இரண்டு அட்டை சேர்ந்தபின் சார்லஸின் அம்மா மரியானா 9, சார்லஸ் 14. ஒரே தம்பதியிடம் போய்ச் சேர 14 வழி! இந்தக் கூட்டலைப் பிள்ளைகளே போடும்படி விட வேண்டும். நாம் போட்டுக் காட்டினால் சப்பென்று போய்விடும்.

உறவு முறை நம் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும். இரண்டாம் பிலிப்பும் நான்காம் பிலிப்பும் தங்கை மகளைக் கட்டினார்கள். கிராட்ஸ் சார்லஸ் அக்காள் மகளை. இரண்டாம் பெர்டினாண்ட் மாமன் மகளை. மூன்றாம் பெர்டினாண்ட் அத்தை மகளை. இதெல்லாம் ‘நம்ம ஊர்லயும் உண்டே’ என்று கடந்துவிடுவார்கள். மாக்ஸிமிலியனும் மரியாவும் அண்ணன் தம்பி பிள்ளைகள் என்னும்போதுதான் திடுக்கிடுகிறார்கள்! ஆனால் மரபணுவுக்கு முறை தெரியாது, அதையும் அங்கேயே சொல்லிவிட வேண்டும். நெருங்கிய உறவில் மணம் சேரச் சேர ஏறும் ஒரு கெழு (பெற்றோரின் உறவு நெருக்கத்தை அளக்கும் எண்) உண்டு. மற்றபடி உறவில்லாத குடும்பத்தில் ஒரே ஒரு முறை தாய்மாமன் அக்காள் மகளையோ தங்கை மகளையோ மணந்தால் பிள்ளைக்கு அது 0.125. இரண்டாம் சார்லஸுக்கு 0.254 என்று 2009-ல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. அவருடைய பெற்றோருக்குப் பிறந்த 5 பேரில் வளர்ந்து ஆளானவர்கள் 2 பேர்தான். சார்லஸின் நீண்ட தாடையைக் காட்டிச் சிரிக்க வைக்கும் பாடம் வேண்டாம். நாடுகள் குடும்பத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்று போப்பிடம் அனுமதி வாங்கி வாங்கி மணம் முடித்தவர்கள் பெரியவர்கள்தான்.

அடுத்து, பிள்ளையில்லாத சார்லஸின் அரியணைக்காக நடந்த வாரிசுரிமைப் போர் (1701–1714). சார்லஸ் உயிலில் வாரிசாக எழுதிய அன்ஷூ பிலிப் பிறந்தது 1683. அவர் அட்டைக்கு அடியில் 8 செ.மீ. பட்டை ஒட்ட வேண்டும். அவருடைய அப்பா, பிரெஞ்சு இளவரசர் லூயி, 1661 நவம்பர் 1-ல் பிறந்தவர். இரண்டாம் சார்லஸ் நவம்பர் 6. இரண்டு அட்டையும் ஒரே கோட்டில் நிற்கும், அதனால் சார்லஸை நடுவில் வைக்காமல் 6 செ.மீ. இடப்பக்கம் தள்ளி ஒட்டுங்கள்.