கடிபட்ட 20 காசு

சிங்கப்பூர் தேக்கா சந்தையில் மீன்காரர் தந்த சில்லறையில் ஒரு 20 காசு. சாங்கி விமான நிலையப் படம் போட்ட 2013 வரிசை. ஓரத்தில் யாரோ கடித்த மாதிரி ஒரு துண்டைக் காணோம்.

"அண்ணே, எர்ரர் காசு, அச்சடிக்கும்போதே பிழையானது! ஆயிரம் வெள்ளி போகும்" என்றார் பக்கத்தில் நின்றவர்.

கைப்பேசியில் பெரிதாக்கிப் பார்த்தேன். அச்சடிக்கும் முன்பே தகடு குறைந்திருந்தால், கடிக்கு நேர் எதிரே உள்ள விளிம்பும் பெரும்பாலும் மழுங்கியிருக்கும். இதில் எதிர் விளிம்பு கச்சிதம். கடித்த இடத்தில் அரம் போட்ட கோடுகள். யாரோ வேலை மெனக்கெட்டிருக்கிறார்கள்!

அச்சு நடுவில் விழாமல் ஒரு பக்கமாக விலகி விழுந்த காசு என்றால் கதையே வேறு. அதிலும் ஆண்டு தெரிந்தால் மதிப்பு கூடும். விலைக்கு, விற்பவர் கேட்கும் தொகையை விட்டுவிட்டு உண்மையில் விற்ற தொகையைப் பாருங்கள்.

அப்புறம், புளி போட்டு மட்டும் தேய்த்துவிடாதீர்கள்.