ஒரே கதவு எண்ணில் ஏழு பெட்டிகள்: செட்டிநாட்டுக் கிராமத்தில் கேபிளை டிஜிட்டலுக்கு மாற்றிய அனுபவம்

2017 மார்ச் 31-ஆம் தேதியோடு அனலாக் ஒளிபரப்பை நிறுத்திவிட வேண்டும் என்ற கெடு எங்களை வந்தடைந்தபோது, காரைக்குடிக்கு வடக்கே உள்ள எங்கள் ஊராட்சியில் என் பொறுப்பில் 286 கேபிள் இணைப்புகள் இருந்தன. 1995-ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சிச் சட்டத்தை 2011-இல் திருத்தி, நாடு முழுவதையும் நான்கு கட்டங்களாகப் பிரித்து இந்த மாற்றத்தைச் செய்யச் சொன்னார்கள். 2012-இல் நான்கு பெருநகரங்களுக்கும் 2013-இல் 38 நகரங்களுக்கும் கெடு வைத்தார்கள். அதன்பின் மற்ற நகர்ப்புறங்கள், எல்லாவற்றுக்கும் கடைசியாக எங்களைப் போன்ற கிராமங்கள். கடைசிக் கட்டத்தில் இருந்ததால் முன்னால் போனவர்கள் பட்ட சிரமங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ள நேரம் கிடைத்தது. ஆயினும் அவர்கள் யாரும் எனக்குச் சொல்லியிராத ஒன்று, செட்டிநாட்டு வீட்டின் அமைப்பே இந்த வேலையில் பெரும்பங்கு வகிக்கும் என்பதாகும்.

இந்தத் தொழிலை என் தகப்பனார் 1990-களின் தொடக்கத்தில் ஒரு டிஷ்ஷும் ஒரு மாடி அறையும் கொண்டு ஆரம்பித்தார். அதற்கு முன்னால் எங்கள் ஊரில் தொலைக்காட்சி என்றால் ஓட்டுக்கு மேல் இரும்புக் குழாயில் உயர்த்திக் கட்டிய ஆண்டெனாவும், அதைக் கொடைக்கானல் பக்கம் திருப்பிவிட்டுக் கீழே நிற்பவரிடம் படம் தெரிகிறதா என்று கத்திக் கேட்பதும்தான். 1993 ஏப்ரலில் சன் டிவி வந்த பிறகு கேபிள் வேண்டும் என்று வீடு தேடி வந்து கேட்டார்கள். அன்று ஒரு செட்டியார் வீட்டுக்கு ஒரு கம்பி போனால் போதும். உள்ளே முகப்பு அறையில், முற்றத்தைச் சுற்றிய வளவில், அதற்குப் பின்னால் உள்ள இரண்டாங்கட்டில் என எத்தனை தொலைக்காட்சிகள் இருந்தாலும் ஸ்ப்ளிட்டர் வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். அப்பா வீட்டுக்கு ஒரு பெயர் எழுதி, மாதம் ஒரு தொகை வாங்கினார். அவருடைய நோட்டில் கதவு எண்ணும் வீட்டுப் பட்டப்பெயரும் தவிர வேறெதுவும் கிடையாது.

பதிவுச் சான்றிதழைப் பொறுத்தவரை அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அப்போது கேபிள் ஆபரேட்டர்களின் பதிவை தலைமை அஞ்சலகத்தில்தான் செய்ய வேண்டும். தலைமை அஞ்சலக அதிகாரிதான் பதிவு அதிகாரி. காரைக்குடிக்குப் போய்ப் படிவம் கொடுத்துக் கட்டணம் கட்டி, ஒவ்வோர் ஆண்டும் புதுப்பித்து வந்தோம். ஒப்பந்தம் போட்ட, சேனல்களைத் தொகுத்து எங்களுக்கு அனுப்பும் எம்.எஸ்.ஓ. நிறுவனத்தோடுதான் வருத்தம். முதல் தவணையில் 300 செட்டாப் பாக்ஸ் தருவதாகச் சொன்னவர்கள் 120-தான் அனுப்பினார்கள், அதிலும் பதினான்கு பெட்டிகளுக்கு அடாப்டர் இல்லை. யாருக்கு முதலில் கொடுப்பது என்ற கேள்வி எழுந்ததால், நான் தெருக்கணக்கில் மாற்றாமல் நோடு கணக்கில் மாற்றினேன். நோடு என்பது சிக்னலைப் பெற்று ஒரு பகுதி வீடுகளுக்கு அனுப்பும் பெட்டி. ஒரு நோடுக்குக் கீழே உள்ள எல்லா வீடுகளுக்கும் பெட்டி கிடைக்கும் வரை அந்த நோடில் அனலாக்கைத் தொடவில்லை. இதே நிலையில் இருப்பவர்களுக்கு இந்த முறையையே சொல்வேன், ஏனென்றால் ஒரே தெருவில் பாதிப் பேருக்குப் படமும் பாதிப் பேருக்கு இருட்டும் என்றால் ஊரில் தலைகாட்ட முடியாது. இதனால் கெடுவைத் தாண்டி ஆடி மாதம் வரை இழுத்ததையும் மறைக்கவில்லை.

உண்மையான வேலை லைனில் இருந்தது. அனலாக்கில் சிக்னல் குறைந்தால் படத்தில் புள்ளிகள் விழும், கோடு ஓடும், ஆனாலும் முகம் தெரியும், குரல் கேட்கும். வீட்டில் இருப்பவர்களும் அதைப் பொறுத்துக்கொள்வார்கள். டிஜிட்டலில் ஓர் அளவு வரை படம் கண்ணாடி போல இருக்கும், அந்த அளவுக்குக் கீழே போன உடனே கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். ஆகவே இருபது ஆண்டுகளாக எங்கள் லைனில் ஒளிந்துகிடந்த குறைகள் எல்லாம் ஒரே மாதத்தில் வெளியே வந்தன. துருப்பிடித்த கனெக்டர், கம்பத்துக் கம்பியிலிருந்து வீட்டுக்குப் பிரித்து எடுக்கும், மழைநீர் இறங்கிய டேப், யாரோ வீட்டுக்குள் வைத்துவிட்டு மறந்துபோன எட்டு வழி ஸ்ப்ளிட்டர் என்று ஒவ்வொன்றாகக் கழற்றினேன். எட்டு வழி ஸ்ப்ளிட்டர் ஒன்றே ஏறத்தாழ 11 டெசிபலைத் தின்றுவிடும். சிக்னலின் பலத்தை அளக்கும் அலகுதான் டெசிபல்.

இங்கேதான் வீட்டின் நீளம் கணக்கில் வருகிறது. எங்கள் ஊரின் பெரிய வீடுகள் ஒரு தெருவில் முகப்பில் தொடங்கி, பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு, அடுப்படி என்று நீண்டு, பின்புறம் அடுத்த தெருவில் முடியும். கம்பத்திலிருந்து மூன்றாங்கட்டில் இருக்கும் தொலைக்காட்சிக்கு வழக்கமான ஆர்.ஜி. 6 வகைக் கம்பி இழுத்தால் 70 மீட்டருக்குக் குறையாது. அந்தக் கம்பியில் மேல் அலைவரிசைகள் 100 மீட்டருக்கு ஏறத்தாழ 20 டெசிபல் இழக்கும், கீழ் அலைவரிசைகள் அதில் கால் பங்குதான் இழக்கும். அதனால் ஒரே வீட்டில் சில சேனல்கள் நன்றாகத் தெரிந்து சில சேனல்கள் மட்டும் உடையும். வீட்டுக்காரர்களோ அந்தச் சேனலை நாம் நிறுத்திவிட்டதாக நினைப்பார்கள். ஓர் 8 மெகாஹெர்ட்ஸ் இடத்தில் அனலாக்கில் ஒரு சேனல் போனது. டிஜிட்டலில் 64 க்வாம் என்ற, தகவலை அலையில் ஏற்றும் முறையில் அதே இடத்தில் விநாடிக்கு ஏறத்தாழ 38 மெகாபிட் போவதால் பத்துக்கும் மேற்பட்ட சேனல்களை அடைக்கிறார்கள். ஓர் அலைவரிசை விழுந்தால் பத்தும் சேர்ந்து விழும் என்பதை நான் சிக்னல் அளக்கும் மீட்டர் வாங்கிய பிறகே விளங்கிக்கொண்டேன். பெட்டிக்குப் பின்னால் கம்பியைக் கழற்றி மீட்டரில் போட்டு, மேல் அலைவரிசையில் 55 டெசிபல் மைக்ரோவோல்ட்டுக்குக் குறையாமல் இருந்தால்தான் அந்த வீட்டு வேலை முடிந்தது என்று எழுதிக்கொண்டேன்.

சுவரில் துளை போடுவது இங்கே நினைத்துப் பார்க்க முடியாத காரியம். முட்டை வெண்கருவும் சுண்ணாம்பும் சேர்த்து இழைத்த பூச்சு நூறாண்டு கடந்தும் கை வைத்தால் பளிங்கு போல வழுக்கும். தேக்கு நிலையில் ஓர் ஆணி அடிக்கக்கூட எனக்கு மனம் வராது. ஆகவே கம்பியை ஓட்டுக்கு மேலே கொண்டுபோய், வளவின் நடுவே உள்ள திறந்த முற்றத்தின் வழியாக இறக்கி, மழைநீர்க் குழாயை ஒட்டிக் கீழே கொண்டு வந்தேன். நீளம் இன்னும் கூடியது. மூன்றாங்கட்டு வரை அதைவிடத் தடித்த, இழப்பு குறைந்த ஆர்.ஜி. 11 கம்பி போட்டு, அங்கே பிரித்துக் கொடுத்தபோதுதான் சிக்னல் அளவு நின்றது. செலவு இரு மடங்கு ஆனாலும் அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை, அந்தச் சுவர்கள் இன்றும் அப்படியே இருக்கின்றன.

மின்சாரம் இன்னொரு பிரச்சினை. தெருவில் பதினோரு வீடுகள் இருந்தால் எட்டு வீடுகள் பூட்டிக் கிடக்கும். சொந்தக்காரர்கள் சென்னையிலோ மலேசியாவிலோ இருப்பார்கள். சிக்னலைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நோடுக்கும் கரண்ட் வாங்க ஆள் இருக்கும் வீடு வேண்டும். எங்கள் மேலத்தெருவில் அப்படி இருந்தது ஓர் ஆச்சியின் வீடு மட்டுமே. எண்பது வயதைத் தாண்டிய அவர் அந்த வளவில் தனியாக, பகலில் வந்துபோகும் ஒரு வேலைக்காரம்மாளின் துணையோடு வாழ்ந்துகொண்டிருந்தார். நான் திண்ணையில் நின்று தயங்கிக் கேட்டபோது, "கரண்டு எடுத்துக்க தம்பி. ராத்திரி தெருவுல அந்தச் சின்ன லைட்டு எரியறத பாத்தா ஆளு இருக்கற மாதிரி இருக்கு" என்றார். நோடு பெட்டியில் இருக்கும் பச்சை விளக்கைத்தான் அவர் சொன்னார். அந்தத் தெரு முழுவதற்கும் படம் போனது அவர் வீட்டு மீட்டரில் ஓடிய மின்சாரத்தில்தான். அவருக்கு நான் மாதக் கட்டணம் வாங்கியதில்லை.

பெட்டி கொடுப்பதற்கு முன்னால் ஒவ்வொரு சந்தாதாரரிடமும் விண்ணப்பப் படிவம் வாங்கிப் பெயர், முகவரி, அடையாளச் சான்றோடு கணினியில் ஏற்ற வேண்டும். பெட்டி எண்ணும் பெயரும் இணைந்தால்தான் சேனல் திறக்கும். நகரத்தில் இது எளிது. எங்கள் ஊரிலோ ஒரு வீடு என்பது ஒரு குடும்பம் அல்ல. திருமணமான ஒவ்வொரு மகனும் ஒரு புள்ளி. தாத்தா கட்டிய வீட்டில் ஐந்து, ஏழு, பத்துப் புள்ளிகளுக்குப் பங்கு இருக்கும், ஒவ்வொரு புள்ளிக்கும் வளவைச் சுற்றி ஓர் அறை இருக்கும், அறைக்கு ஒரு பூட்டும் இருக்கும். ஒரே கதவு எண்ணில் ஏழு தொலைக்காட்சிகள், ஏழு பெட்டிகள், ஏழு பெயர்கள் என்று நான் ஏற்றியபோது, இது தவறான பதிவு என்று நிறுவனத்தின் அலுவலகத்தில் திருப்பி அனுப்பினார்கள். புள்ளி என்றால் என்ன என்பதைத் தொலைபேசியில் விளக்க மூன்று நாட்கள் ஆயின. கடைசியில் கதவு எண்ணோடு 1, 2, 3 என்று உட்பிரிவு போட்டு ஏற்றிக்கொள்ளலாம் என்று ஒத்துக்கொண்டார்கள். நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) கோயில் வரிக்குப் புள்ளிக் கணக்கு எடுப்பதைச் சிறு வயதிலிருந்து பார்த்திருந்ததால், எந்த வீட்டில் எத்தனை என்று கேட்கும் சங்கடம் எனக்கு இருக்கவில்லை. அந்தப் பட்டியலை வைத்திருந்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஊரை முழுதாக அறிந்தது அந்த இரண்டு மாலை வேளைகளில்தான்.

பூட்டிய அறைகளில் வைத்த பெட்டிகள் வேறு விதமாகச் சோதித்தன. சேனலைத் திறக்கும் கட்டளை அந்தப் பெட்டியின் எண்ணோடு இதே கம்பி வழியாகத்தான் வரும். பெட்டிக்கு மின்சாரம் இருந்து அது சிக்னலைக் கேட்டுக்கொண்டிருந்தால்தான் அது கட்டளையைப் பெறும். ஆறு மாதம் அணைந்து கிடந்த பெட்டியைச் சிவராத்திரியில் முன்னோருக்குப் படையல் இடும் படைப்புக்கு வந்த குடும்பம் போட்டுப் பார்த்தால், பணம் கட்டியிருந்தும் எதுவும் வராது. முதல் ஆண்டு ஒரே இரவில் பத்தொன்பது அழைப்புகள் வந்தன. அடுத்த ஆண்டிலிருந்து படைப்புக்கும் திருமணங்களுக்கும் முன்பே வீடு பார்த்துக்கொள்பவரிடம் சாவி கேட்டு, பெட்டியைப் போட்டு அரை மணி நேரம் ஓடவிட்டு, நிறுவனத்தின் கன்ட்ரோல் ரூமில் சொல்லி மறுபடியும் கட்டளை அனுப்பச் செய்கிறேன்.

பெட்டி வைத்து முடித்து மூச்சு விட்ட நேரத்தில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் புதிய கட்டண முறை 2019 பிப்ரவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி அப்போது 100 சேனல்கள் வரை லைனுக்கான கட்டணம் 130 ரூபாயாக இருந்தது. 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்த்தால் 153 ரூபாய் 40 காசு. கட்டணச் சேனல்களுக்குத் தனி விலை. தொகுப்பில் சேர்க்கப்படும் சேனலுக்கு 19 ரூபாய்க்கு மேல் வைக்கக் கூடாது என்றார்கள். அரசு கேபிள் 2011-இல் மாதம் 70 ரூபாய் என்று கொடுத்ததிலிருந்து அதை அளவாக வைத்தே எல்லோரும் பேசிப் பழகியிருந்தார்கள். நான் படிவத்தோடு வீடு வீடாகப் போய் உட்கார்ந்தேன். ஆச்சி கேட்டார்: "நான் பாக்கறது மூணு. மத்த தொண்ணூத்தேழுக்கு நான் எதுக்குக் காசு கொடுக்கணும்?" அந்த 130 ரூபாய் சேனலுக்கு அல்ல, இந்தக் கம்பிக்கும் ஆளுக்கும் என்றேன். அதில் எங்களுக்கு வருவது எம்.எஸ்.ஓ.வோடு போடும் பொது ஒப்பந்தத்தின்படி 45 விழுக்காடு, அதாவது 58 ரூபாய் 50 காசு என்பதையும் படிவத்தின் பின்புறம் எழுதிக் காட்டினேன். அவர் கேட்ட மூன்றில் ஒன்று பொதிகை. அது கட்டாயம் தர வேண்டிய தூர்தர்ஷன் சேனல்களில் ஒன்று, தேர்வு செய்யத் தேவையே இல்லை என்றதும் நிம்மதி அடைந்தார். எந்த ஊருக்குப் போனாலும் கேபிள்காரர் இந்தக் கணக்கை மறைக்காமல் எழுதிக் காட்டினால் பாதிச் சண்டை தீரும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஏழு பெட்டி வீடுகளுக்கு அந்த ஆண்டு பெரிய அடி. ஒவ்வொரு பெட்டிக்கும் முழு 130 ரூபாய் என்றதும் பல புள்ளிகள் பெட்டியைத் திருப்பித் தந்துவிட்டு, மாதக் கட்டணம் இல்லாத டிடி ஃப்ரீ டிஷ் பக்கம் போனார்கள். 2020-இல் விதியைத் திருத்தி, ஒரே வீட்டின் இரண்டாவது பெட்டியிலிருந்து அந்தக் கட்டணத்தில் 40 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக் கூடாது என்றார்கள். ஆனால் ஒரே பெயரில் இருந்தால்தானே ஒரே வீடு? நான் மூன்று நாள் போராடி ஏழு பெயரில் ஏற்றியதை, சம்மதித்த குடும்பங்களில் மீண்டும் ஒரே பெயருக்கு மாற்ற வேண்டியதாயிற்று. யார் பெயரில் என்பதற்கு ஒரு வீட்டில் சிங்கப்பூரிலிருந்து அண்ணன் தம்பிகள் வீடியோ அழைப்பில் கூடிப் பேசி, மூத்தவர் பெயரை முடிவு செய்தார்கள். மாதம் 130 என்றிருந்தது கூடுதல் பெட்டிக்கு 52 ஆனது. போனவர்களில் சிலர் திரும்பினார்கள்.

இன்று 203 இணைப்புகள் இருக்கின்றன. ஆச்சி இப்போது இல்லை. அந்த வீட்டின் மின் இணைப்பை எடுத்துவிட வேண்டாம் என்றும் நோடு விளக்கு எரியட்டும் என்றும் அவருடைய பேரன் சென்னையிலிருந்து சொல்லி, மின் கட்டணத்தை அவரே கட்டிவருகிறார்.

2025 ஜனவரி 17 முதல் பதிவு முழுவதும் இணையவழிக்கு மாறியது. அஞ்சலகத்துக்குப் போக வேண்டியதில்லை. தகவல் ஒளிபரப்பு அமைச்சகத்தின் தளத்தில் விண்ணப்பித்து, 5,000 ரூபாய் கட்டினால் ஐந்தாண்டுக்குச் செல்லும், நாடு முழுவதற்கும் பொருந்தும். என் பழைய சான்றிதழ் முடியும் தறுவாயில் இருந்ததால் உடனே விண்ணப்பித்தேன். ஆதாரில் என் பெயருக்கு முன்னால் இருந்த தலைப்பெழுத்து பான் அட்டையில் பின்னால் இருந்தது. அதைத் திருத்திய பிறகே சரிபார்ப்பு முடிந்தது, விண்ணப்பிப்பவர்கள் முதலில் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மார்ச் மாதத்தில் சான்றிதழ் வந்தது. அடுத்த புதுப்பித்தலுக்குக் காலாவதிக்கு 90 நாட்களுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும் என்பதால், அப்பாவின் பழைய நோட்டின் உள்ளட்டையில் 2029 டிசம்பர் என்று எழுதி வைத்திருக்கிறேன்.