கொழுந்துக் கறை வெரல்

"வெரல நல்லா தேய்ச்சிட்டு வைங்கம்மா"ன்னு நர்ஸ் சொன்னாங்க, அம்மாயியும் முந்தானைல தேய்ச்சி தேய்ச்சி, ரத்தத்துல ஆக்சிஜன் எவ்வளவுன்னு பாக்குற பல்ஸ் ஆக்சிமீட்டர் கிளிப்புக்குள்ள வச்சாங்க, ஸ்க்ரீன்ல ரெண்டு கோடு மட்டும் மின்னிக்கிட்டே இருந்திச்சி.

நுவரெலியா காலைக் குளிரு வேற.

தேயிலைக் கொழுந்து கிள்ளிக் கிள்ளி ஆள்காட்டி வெரல் ஓரமெல்லாம் கருத்து, வெடிப்புக்குள்ள கறை ஏறிப் போயிருக்கு, எந்த சோப்புக்கும் அசையாது.

அந்தக் கிளிப் பண்றது இதுதான், 660 நானோமீட்டர் சிவப்பு லைட்டும் 940ல அகச்சிவப்பும் வெரலுக்குள்ள விட்டு, மறுபக்கம் எவ்வளவு வருதுன்னு பாத்து, துடிப்போட ஏறி எறங்குற பங்க மட்டும் பிரிச்செடுத்து ஆக்சிஜன கணக்குப் போடும். தோலு, சதை, எலும்பு எல்லாம் மாறாம நிக்கிறதால கழிச்சிரலாம். 1970கள்ல ஜப்பான்ல தக்குவோ அவோயாகி புடிச்ச சூட்சுமம், செம மூளை!

ஆனா குளிருல ரத்தக்குழாய் சுருங்கிட்டா அந்தத் துடிப்பே இத்துனூண்டுதான், சிக்னல் இரைச்சலுக்குள்ள முங்கிரும்.

சுடுதண்ணி போத்தல கொஞ்ச நேரம் புடிக்க வச்சதும் நம்பர் வந்திச்சி.

கருப்பின நோயாளிகளுக்கு இந்த மெஷின் சில நேரம் உள்ளத விட கூடக் காட்டுதுன்னு 2020ல அமெரிக்காவுல ஒரு பெரிய ஆய்வே வந்திச்சி. கொறச்சுக் காட்டினா பயந்து ஓடுவோம், கூடக் காட்டினா வீட்டுக்கு அனுப்பிருவாங்களே, அதுதான் மோசம்.

பேராதனை யூனிவர்சிட்டில சென்சர் டிசைன் பண்ற தம்பி தங்கச்சி யாராச்சும் நம்ம ஃப்ரெண்ட்ஸ் லிஸ்ட்ல இருந்தா, ஏசி ரூம் வெரல மட்டும் வச்சி டெஸ்ட் பண்ணாதீங்கப்பா, காலைல தோட்டத்துல வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டு நேரத்துக்கு இங்க வாங்க, பிளேன்டீ நம்ம செலவு.